யார் வீட்டு ரத்தம்

கப்பலூர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சத்யப்ரியா சூப்பர்வைசர். வாசலில் அழகுராஜா என்று ஒருத்தர் வந்து நிற்கிறார், உங்களைத்தான் கேட்கிறார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. கட்டிய பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கும் அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்ற மனிதன் அவன். அத்துவிட்ட பிறகு இந்தப் பத்து வருஷத்தில் ஒரு போன் கிடையாது, பெற்ற மகள் தேவிகாவுக்கு ஒரு தீபாவளித் துணி கிடையாது. அப்பேர்ப்பட்டவன் செக்கானூரணிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்றால், அந்த வீட்டில் எங்கோ பலமாக அடி விழுந்திருக்கிறது. அது புரிந்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

வெளியே வந்தாள். ஆள் இளைத்துப்போய், தாடியும் அழுக்குச் சட்டையுமாக நின்றான். ஒரு காலத்தில் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவள், இப்போது எந்த முறையும் சொல்லாமல் நின்றாள்.

"புள்ளைக்கு முடியல, சத்யா."

"எந்தப் புள்ளைக்கு?"

"கருப்புக்கு." அவனுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த ஒரே மகன், ஐந்து வயசு. "கழுத்துல கட்டி, ஈரல்ல சீழு, இப்ப நெஞ்சுலயும் சளி கட்டிப்போச்சு. கே.கே. நகர்ல ஒரு ஆராய்ச்சி டாக்டரம்மா பாத்துட்டு, ரத்தத்துல பிறவிக் கோளாறுன்னு சொல்லிட்டாக. எலும்புக்குள்ள இருக்க மஜ்ஜைய வேற ஆளுகிட்டருந்து எடுத்து வச்சாத்தான் பொழைப்பானாம். எங்க யாருக்கும் பொருந்தல. தேவிகாவுக்கு ஒருக்காப் பாத்தா..."

"தேவிகா யாரு உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அக்கா அவனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை போலிருக்கிறது.

கழுத்தில் கட்டி, ஈரலில் சீழ், நெஞ்சில் சளி. சத்யப்ரியாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் பெற்ற இரண்டு பையன்களும் அப்படித்தான் போனார்கள். மூத்தவன் நடை பழகும்போது ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்துக் காய்ச்சலில் போனான். அடுத்தவன் கழுத்தில் கட்டி வந்து உடைந்து, ஆறவே ஆறாமல் போனான். நடுவில் பிறந்த தேவிகா மட்டும் ஒரு தும்மல்கூடப் போடாமல் வளர்ந்தாள். இரண்டு சாவுக்கும் நாத்தனார் பாண்டியம்மாள் ஒரே காரணம்தான் சொன்னாள். இவள் வயிறு விஷ வயிறு.

பாண்டியம்மாள் அழகுராஜாவுக்குத் தாய் மாதிரி. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தன் மகள் அன்னக்கொடியைத் தம்பிக்கே கட்டிக்கொடுக்க வேண்டும் என்று இருந்தவள். ஆனால் அன்னக்கொடி அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்குள் அவர்களுடைய அம்மா, தன் அண்ணன் மகள் சத்யப்ரியாவைக் கொண்டுவந்து மருமகளாக்கிவிட்டாள். அந்த வயிற்றெரிச்சல் பாண்டியம்மாளுக்கு ஆறவில்லை. அன்னக்கொடிக்குக் கல்யாண வயசு வந்தது. சத்யப்ரியாவின் இரண்டாவது பையனும் செத்தான். இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்ததுதான் அவளுக்கு வசதியாகப் போனது.

ஊர் கூடும் பொது இடமான மந்தையில் கூட்டம் போட்டார்கள். அங்கே புருஷன் பெண்டாட்டியை அத்துவிடுவதென்றால், பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்துப் போட வேண்டும். ஒடித்துவிட்டால் அப்படி ஒரு கல்யாணமே நடக்காத மாதிரி. பிள்ளை மட்டும் வழக்கப்படி தகப்பன் வீட்டில் நிற்கும். சத்யப்ரியா மூன்று வயசு தேவிகாவை இடுப்பை விட்டு இறக்காமல் நின்றாள். அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. பிடுங்காததற்குக் காரணம் இரக்கம் இல்லை. பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர் நடுவே வந்து சொன்ன பேச்சுதான் காரணம்.

"எங்க வீட்டுப் புள்ளைக ரெண்டும் சீக்கு வந்து செத்துச்சு. இது மட்டும் எப்படிங்க கல்லுக்குண்டாட்டம் இருக்கு? அப்ப இது எங்க ரத்தம் இல்ல. யாரு ரத்தம்னு பெத்தவளக் கேளுங்க."

கூட்டம் சிரித்தது. சத்யப்ரியாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அழகுராஜா துரும்பை ஒடித்தான், பிறகு அன்னக்கொடியைக் கட்டிக்கொண்டான். அன்றைக்குக் கிளம்பி வந்தவள்தான், வண்டியூரில் வாடகைக்கு வீடு பிடித்து, கம்பெனி வேலையில் சேர்ந்து, மகளை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டாள். பாண்டியம்மாளை அவள் மன்னிக்கவில்லை. சாமி கும்பிடும்போதுகூட முதலில் மகள் நன்றாக இருக்க வேண்டும், அடுத்து அந்தப் பாண்டியம்மாள் நாசமாய்ப் போக வேண்டும் என்றுதான் கும்பிட்டாள். மகளுக்குச் சோறு போடும்போதும் அந்த மந்தைக் கதையைத்தான் சொல்லிச் சொல்லிப் போட்டாள்.

ஆனாலும் கே.கே. நகருக்குப் போனாள். பிள்ளையைக் காப்பாற்றப் போனாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தன் பிள்ளைகள் எதனால் செத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனாள்.

டாக்டர் பத்மாசினி மதுரைக்கே உரிய சௌராஷ்டிரா குடும்பத்துப் பெண். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். சத்யப்ரியா யார் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் இவள் மேல் இல்லை.

"முன்னாடி கல்யாணம் உண்டா, வீட்ல சின்னக் குழந்தைங்க யாராவது இறந்திருக்காங்களான்னு அந்தக் குடும்பத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டேன்மா. எல்லாரும் இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்னாங்க. ரெண்டு பையன் போன விஷயம் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, நெஞ்சுக்கு ஏறுறதுக்குள்ள புடிச்சிருப்பேன். போன வாரம் அந்தப் பையனோட அம்மா அழுதுகிட்டே சொன்ன பிறகுதான் உங்களப் பத்தியே தெரியும்."

"அவுக பொய் சொல்லல டாக்டர்" என்றாள் சத்யப்ரியா. "துரும்பு ஒடிச்சிட்டா நானும் கெடையாது, நான் பெத்ததும் கெடையாது. இல்லாதத இல்லன்னு சொல்லியிருக்காக."

பத்மாசினி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு விளக்கினார். ரத்தத்தில் வெள்ளணு என்று ஒன்று இருக்கிறது. அதுதான் உடம்புக்குக் காவல். கிருமி வந்தால் பிடித்து விழுங்கிக் கொன்றுவிடும். இந்தப் பிள்ளைகளுடைய வெள்ளணுவுக்கு விழுங்கத் தெரிகிறது, கொல்லத் தெரியவில்லை. கிருமி உள்ளேயே உட்கார்ந்து சீழ் வைக்கிறது. ஒரு ஜீனில் இருக்கும் சின்னப் பிழைதான் காரணம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் பிழையாக வந்தால் மட்டும்தான் நோய். ஒன்று மட்டும் வந்தவர்கள் கடைசிவரை நன்றாக இருப்பார்கள்.

"அப்ப அவரு பக்கத்துலருந்துதான வந்திருக்கு?"

"அவர்கிட்ட பாதி, உங்ககிட்ட பாதி. உங்களுக்கெல்லாம் பொதுவா மேல ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்திருக்காங்க. அவங்ககிட்டருந்து எல்லா வீட்டுக்கும் இறங்கியிருக்கு. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டதால ரெண்டு பாதியும் ஒண்ணாச் சேருது. எங்க ஆளுங்க வீடுகள்லயும் இதே கதைதான், நீங்க மட்டும் இல்ல."

பாதி என்ற சொல் சத்யப்ரியாவைச் சுட்டது. பத்து வருஷமாகப் பிள்ளைகளைக் கொன்றது அந்த வீடு என்று நினைத்துக் கோபத்தை வளர்த்திருந்தாள். அந்தச் சாவுகளில் இவள் பங்கும் இருக்கிறது என்றால் எப்படித் தாங்குவது? அவள் தாங்கவில்லை. அந்தப் பாதியை அங்கேயே முழுங்கிவிட்டாள். வெளியே கொண்டுபோகப் போவது அவர்களுடைய பாதி மட்டும்தான் என்று முடிவு செய்துகொண்டாள்.

தேவிகாவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். முழுப் பொருத்தம். சொந்தம் விட்டுப் போகாமல் கட்டிக் கட்டி நோயைக் கொண்டுவந்த அதே வழக்கம்தான் பொருத்தத்தையும் கொண்டுவந்திருக்கிறது என்றார் பத்மாசினி. மயக்க ஊசி போட்டு இடுப்பெலும்பிலிருந்து எடுப்போம், சில நாள் வலிக்கும், பிறகு சரியாகிவிடும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"நல்லபடியா ஒட்டிக்கிச்சுன்னா அதுக்கப்புறம் அந்தப் பையன் உடம்புல ஊறுற ரத்தம் தேவிகாவோடதுதான். அவன் ரத்தத்த எடுத்துச் சோதிச்சா, இது ஒரு பொண்ணோட ரத்தம்னுதான் காட்டும்."

சத்யப்ரியா சிரித்துவிட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு விளங்கவில்லை. எங்க ரத்தம் இல்லை என்று பாண்டியம்மாள் எந்த ரத்தத்தை மந்தையில் காறித் துப்பினாளோ, அந்த ரத்தம் அவளுடைய பேரன் உடம்பில் ஓடப்போகிறது. நீ கேட்டதற்கு மேலேயே தருகிறேன், எடுத்துக்கொள் என்று சாமியே கொண்டுவந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் நடக்கும்" என்றார் பத்மாசினி. "ஆனா எலும்பு அவளோடது. அவகிட்ட நான் தனியாப் பேசணும். வெளிய இருங்க."

தேவிகா உள்ளே வெகு நேரம் இருந்தாள். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருவரும் புரோட்டா சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது சத்யப்ரியா மந்தையில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று மகளைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாளே பாண்டியம்மாள் வண்டியூருக்கு வந்துவிட்டாள். பின்னால் அழகுராஜா. படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. சத்யப்ரியா உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. வாசல்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேணும்னு கேளு, சத்யா. தாரோம்."

"ஒண்ணும் வேணாம் மதினி. அன்னைக்குப் பேசுன அதே மந்தையில, அதே ஆளுக முன்னாடி வந்து ஒரு வார்த்த பேசணும். அம்புட்டுத்தான்."

"என்னன்னு பேச?"

"அது உங்க இஷ்டம். தேவிகா உங்க ரத்தம்தான்னு சொல்லுங்க. அப்படின்னா சீக்கும் உங்க ரத்தத்துல இருந்ததுதான், எம் புள்ளைகளக் கொன்னதும் அதுதான்னு சேத்துச் சொல்லணும். இல்ல, அன்னைக்குச் சொன்னதுதான் நெசம், அவ எவனுக்கோ பொறந்தவன்னு சொல்றதா இருந்தாலும் சரி. அப்பவும் நான் தாரேன். ஆனா நாளைக்கு உங்க பேரன் ஒடம்புல ஓடப்போறது எவனோ ஒருத்தன் ரத்தம். அவன் உங்களுக்குக் கொள்ளி வைக்கிறப்பவும் அந்த ரத்தந்தான் ஓடும். டாக்டரம்மாகிட்டக் கேட்டுக்கங்க. எது வேணும்னு யோசிச்சு வாங்க."

அழகுராஜா தரையைப் பார்த்தான். பாண்டியம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி இறங்கிப் போனாள். அவள் படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் சத்யப்ரியா கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அன்னக்கொடி போன் பண்ணினாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சத்யப்ரியாவின் கையால் சடை பின்னிக்கொண்டு போனவள். மாமன் பெண்டாட்டி என்பதால் அத்தை என்று கூப்பிட்டவள், அந்த அத்தையின் இடத்துக்கே வந்த பிறகும் வேறு முறை தெரியாமல் அப்படியேதான் கூப்பிட்டாள்.

"அத்தை, இன்னைக்கு மூச்சு ரொம்ப வாங்குது. மருந்து இன்னும் எம்புட்டு நாளைக்குத் தாங்கும்னு தெரியலங்குறாக. எங்கம்மா வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிருச்சு."

போனுக்குள் கேட்ட அந்தப் பிள்ளையின் மூச்சு, மூத்தவனின் மூச்சு மாதிரியே இருந்தது. சத்யப்ரியாவுக்குச் சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் மந்தையில் சிரித்த சிரிப்பும் சேர்ந்தே காதில் கேட்டது.

"எங்கிட்ட என்ன சொல்ற? ஒங்கம்மாவக் கதவத் தெறக்கச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்தாள். பக்கத்தில் தேவிகா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பாண்டியம்மாளின் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மந்தையில் கூட்டம் என்று ஆள் வந்து சொன்னான்.

சத்யப்ரியா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு இடுப்பில் இருந்து எதுவும் புரியாமல் கேட்டவள், இன்றைக்கு நின்று புரிந்து கேட்கட்டும் என்று நினைத்தாள். மரத்தடியில் அன்று கூட்டத்தை நடத்திய அதே கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தார், இன்னும் கொஞ்சம் நரைத்து. அன்றைக்குச் சிரித்தவர்களில் பலரும் இருந்தார்கள். சத்யப்ரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள்.

பாண்டியம்மாள் நடுவில் வந்து நின்றாள். இந்த முறை முந்தானையைச் செருகவில்லை, இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"பத்து வருசத்துக்கு முந்தி இதே எடத்துல இவளப் பத்தி நான் பேசுனது பொய்யி" என்றாள். "இந்தப் புள்ள என் தம்பிக்குப் பொறந்தது. எங்க ரத்தம். சீக்கும் எங்க ரத்தத்துல வந்ததுதான். இவ பெத்த ரெண்டும் அதுலதான் செத்துச்சு. இவ மேல ஒரு குத்தமும் இல்ல."

சத்யப்ரியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் மேல் பாதி இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல அவள் நாக்கு அசையவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது. அப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அழுகை வந்தது.

ஆனால் பாண்டியம்மாள் இன்னும் நடுவில்தான் நின்றாள். போர்த்தியிருந்த முந்தானையை இறக்கி இடுப்பில் செருகினாள். அதைப் பார்த்ததும் சத்யப்ரியா தேவிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். ஊரும் கேட்டாச்சு. இப்ப ஊரு ஒரு நாயம் சொல்லணும். எங்க ரத்தம்னு ஆனபெறகு, எங்க வீட்டுப் புள்ள எதுக்கு வண்டியூர்ல வாடக வீட்ல கெடக்கணும்? அத்துவிட்டா புள்ள தகப்பன் வீட்டுக்குத்தான. அன்னைக்கு எங்க ரத்தம் இல்லன்னுதான் இவ கூட விட்டோம். இவளே இன்னைக்கு எங்க ரத்தம்னு சொல்ல வச்சுட்டா. தம்பி மக எங்களோட வரட்டும்."

கருத்தக்கண்ணன் தாடியைத் தடவினார். "வழக்கம் அதுதானப்பா" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். கோர்ட்டு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, இந்த வழக்கமெல்லாம் செல்லாது என்று சத்யப்ரியாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. இதே மந்தையின் வார்த்தையைத்தான் பெரிதாக மதித்துக் கேட்டு வாங்க வந்திருந்தாள். அவள் வெட்டிய குழியிலேயே அவளைத் தள்ளிவிட்டு பாண்டியம்மாள் மேலே நின்று பார்த்தாள். அழகுராஜா முதல் முறையாகத் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தான்.

தேவிகா அம்மாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு முன்னால் போனாள். பாண்டியம்மாள் அணைத்துக்கொள்ளப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். தேவிகா ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள்.

"ரத்தந்தான அத்த உங்களுக்கு வேணும்? அது வரும். நான் வர மாட்டேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் மந்தைக் கடைசி வரை கேட்டது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் பாண்டியம்மாள் நின்றாள். தான் கேட்டு வாங்கிய எந்த வார்த்தையும் அவளை இப்படி அடிக்கவில்லை என்பதை சத்யப்ரியா பார்த்தாள். கருத்தக்கண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் தேவிகா திரும்பி நடந்துவிட்டாள். சத்யப்ரியா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சே வந்தது. மகள் செய்ததை நினைக்க நினைக்கச் சந்தோஷம் பொங்கியது.

"நல்லாக் குடுத்தடி. மூஞ்சியப் பாத்தியா அவ மூஞ்சிய? இன்னும் கொஞ்ச நாளைக்குக் கெடந்து தவிக்கட்டும். கையெழுத்த நான் மெதுவாப் போட்டுக்குறேன்."

"நாளைக்கே போடும்மா. கருப்புக்கு நேரம் இல்லன்னு டாக்டர் சொன்னாங்க."

"ஒனக்கு எப்ப சொன்னாக?"

"அன்னைக்குத் தனியாப் பேசுனப்பவே. நான் அன்னைக்கே சரின்னு சொல்லிட்டேன்."

சத்யப்ரியா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். அப்படியென்றால் அவள் பாண்டியம்மாளிடம் விலை பேசியதெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பொருளுக்கு. அன்னக்கொடியின் போனை அவள் வைத்தபோது, பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பறம் எதுக்குடி இங்க வரைக்கும் வந்த?"

"நீ இதக் கேக்கணும்னு பத்து வருசமா இருந்த. கேட்டுக்கட்டும்னு இருந்தேன். அவங்க மந்தையில சொல்ல ஒத்துக்கலன்னா இன்னும் ரெண்டு நாள்ல நானே ஒங்கிட்டச் சொல்லிருப்பேன்."

பொங்கிய சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. சத்யப்ரியாவுக்குக் கோபம்தான் வந்தது, பழக்கமான பழைய கோபம். ஆனால் அதை இப்போது எந்தப் பக்கம் வீசுவது என்று தெரியவில்லை. மகள் மேலேயே வீசினாள்.

"என்னக் கேக்காம நீ எப்படிச் சரின்னு சொல்லலாம்?"

செக்கானூரணி பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தேவிகா கையைக் காட்டி அதை நிறுத்தினாள். ஏறுவதற்கு முன்னால் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் ரத்தம்மா அது" என்றாள்.